சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் ஊசி முட்டி வலிக்குக் கேட்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் வலிக்குப் பயிற்சி சொல்லித் தருவது என் தொழில். நான் பிசியோதெரபிஸ்ட். கொஞ்ச காலமாகவே வருகிறவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்டுவிடுகிறார்கள்: “சர்க்கரைக்கும் எடைக்கும் போடுகிற அந்த ஊசி முட்டி வலிக்கும் கேட்குமாமே?” சிலர் ஊசி போட்டுக்கொண்டேதான் வருகிறார்கள். மருந்தை எழுதித் தருவதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. அதைப் போட்டவரின் முட்டியும் தொடையும் என்ன ஆகிறது என்று வாரா வாரம் கைவைத்துப் பார்ப்பது என் வேலை. அந்த அனுபவத்தையும் ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், கேட்குமா கேட்காதா?

உடல் பருமனும் முழங்கால் மூட்டுத் தேய்மானமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு ஊசி வலியை நன்றாகவே குறைக்கிறது. இதற்கு ஒழுங்காக நடத்திய சோதனை இருக்கிறது. எடை சரியாக உள்ளவர்களுக்கு முட்டி வலிக்காக இந்த ஊசியைப் பரிந்துரைக்க அப்படி ஓர் ஆதாரம் இல்லை. மூட்டுத் தேய்மானத்துக்கான மருந்து என்று தனி அங்கீகாரமும் இதற்குக் கிடையாது. சர்க்கரைக்காக அல்லது எடைக்காக எழுதித் தருகிறார்கள், அதில் முட்டியும் பலன் பெறுகிறது.

எந்தெந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகிறோம்?

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை ஏறும்போது இன்சுலினை விடச் சொல்லிக் கணையத்தைத் தூண்டுவதும், இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்வதும், ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்று மூளைக்குச் சொல்வதும் அதன் வேலைகள். இயற்கையான ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே நடந்துகொண்டு, உடம்பில் நீண்ட நேரம் தங்கும்படி செய்யப்பட்டவைதான் இந்த மருந்துகள். முதலில் வந்தது எக்ஸெனடைடு, 2005-இல். கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்டெடுத்த ஒரு பொருளிலிருந்து பிறந்த மருந்து அது. பிறகு தினமும் போடும் லிராக்ளூடைடு வந்தது. அதற்கும் பிறகு வந்த செமாக்ளூடைடு அமெரிக்காவில் சர்க்கரைக்கு 2017-இல் ஓசெம்பிக் என்ற பெயரிலும், எடைக்கு 2021-இல் வெகோவி என்ற பெயரிலும் அனுமதி பெற்றது. டிர்செபடைடு, அதாவது மவுஞ்சாரோ, 2022-இல் வந்தது. அது ஜிஎல்பி-1 தவிர ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்கிறது.

இவற்றோடு மெட்ஃபார்மினையும் சேர்த்துப் பேச வேண்டும். அது பழைய, சாதாரண சர்க்கரை மாத்திரை. முட்டி விஷயத்தில் அதைப் பற்றியும் ஒரு நல்ல சேதி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஆதாரம் ஆதாரம் என்கிறீர்களே, என்ன ஆதாரம்?

ஸ்டெப் 9 என்று பெயர் வைத்த சோதனை. 2024 அக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. 11 நாடுகளில் 407 பேர். எல்லோருக்கும் உடல் பருமன், எக்ஸ்-ரேயில் தெரியும் அளவுக்கு மூட்டுத் தேய்மானம், அதனால் நல்ல வலி. சராசரி வயது 56. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண் சராசரி 40. ஐந்தில் நான்கு பேர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்குச் செமாக்ளூடைடு 2.4 மில்லிகிராம், மீதிப் பேருக்கு உள்ளே மருந்தே இல்லாத டம்மி ஊசி. யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. 68 வாரம் இப்படிப் போனது. உணவைக் குறைக்கவும் உடற்பயிற்சி செய்யவும் இரு பக்கத்தினருக்கும் ஒரே மாதிரி ஆலோசனை தந்தார்கள்.

முடிவில் மருந்து போட்டவர்களின் எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்திருந்தது. டம்மி பக்கம் 3.2 சதவீதம். வலியை 100-க்கு எவ்வளவு என்று கேள்விகள் வைத்து அளக்கும் முறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் எல்லோருக்கும் சராசரி 71 வாக்கில் இருந்தது. மருந்துப் பக்கம் அது 41.7 புள்ளி இறங்கியது, டம்மிப் பக்கம் 27.5. நடப்பது, படியேறுவது, எழுந்து நிற்பது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் மருந்துப் பக்கம் கூடுதலாக முன்னேறியது.

சோதனையின் செலவை ஏற்றுக்கொண்டது அந்த மருந்தைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனமே. அதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக முடிவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, சோதனை நடந்த முறை சரியானது.

டம்மி ஊசிக்கே 27 புள்ளி குறைந்ததா? அப்படியானால் மருந்து என்ன பெரிதாகச் செய்தது?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்கத்தான் வேண்டும். மருந்தின் தனிப் பங்கு என்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள சுமார் 14 புள்ளிதான். ‘வலி 41 புள்ளி குறையும்’ என்று சொல்லி யாராவது ஊசியைப் புகழ்ந்தால் அது பாதிக் கதை.

டம்மிப் பக்கம் ஏன் அவ்வளவு குறைந்தது? முட்டி வலி ஏறி இறங்கும் வலி. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் சோதனையில் சேர்கிறார்கள், அப்புறம் தானாகவே கொஞ்சம் தணியும். யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற தெம்பு ஒரு பக்கம். உணவு, பயிற்சி ஆலோசனை இன்னொரு பக்கம். அதையெல்லாம் கழித்த பிறகும் 14 புள்ளி மிஞ்சுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாள்பட்ட முட்டி வலியில் இப்படி மிஞ்சுகிற மருந்துகள் அதிகம் இல்லை. பாராசிட்டமால் மாத்திரையை இப்படிச் சோதித்தபோது டம்மிக்கும் அதற்கும் இடையே கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை.

எடை குறைவதால்தான் வலி குறைகிறதா, மருந்துக்கென்று தனி வேலை உண்டா?

பெரும்பகுதி எடைதான். ஒரு கணக்கு சொல்கிறேன், நான் எல்லோருக்கும் சொல்வது. எடை கூடியவர்களை நடக்க வைத்து மூட்டில் விழும் பாரத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள், 2005-இல் வெளியான ஆய்வு. ஒரு கிலோ எடை குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பாரம் மட்டுமே கதை என்றால் ஓர் இடத்தில் இடிக்கிறது. பருமனாக இருப்பவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் தேய்மானம் அதிகமாக வருகிறது. விரலை ஊன்றி யாரும் நடப்பதில்லையே! கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழேயே ஒரு கொழுப்புத் திட்டு இருக்கிறது, அதுவும் இதே வேலையைச் செய்யும். எடை குறையும்போது இந்தக் கசிவும் குறைகிறது. ஜிஎல்பி-1 மருந்துகள் எடையைத் தாண்டி நேரடியாகவே அழற்சியைத் தணிக்கின்றன என்பதற்கு ஆய்வகத்தில் அறிகுறிகள் உண்டு.

இருந்தாலும் நான் எடையைத்தான் முன்னால் வைப்பேன். காரணம், லிராக்ளூடைடு. டென்மார்க்கில் 156 பேரை முதலில் எட்டு வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு பாதிப் பேருக்கு ஒரு வருடம் லிராக்ளூடைடு, மீதிப் பேருக்கு டம்மி. மருந்து போட்டவர்களுக்கு எடை இன்னும் கொஞ்சம் இறங்கியது, ஆனால் வலியில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் வரவில்லை. மருந்துக்கே பெரிய தனிச் சக்தி இருந்திருந்தால் அங்கே அது தலைகாட்டியிருக்க வேண்டும்.

எனக்குச் சர்க்கரையே இல்லை. முட்டி வலிக்காக மெட்ஃபார்மின் சாப்பிடலாமா?

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2025-இல் முடிவை வெளியிட்டது இதைத்தான். சர்க்கரை இல்லாத, எடை கூடிய, முட்டி வலி உள்ள 107 பேர். பாதிப் பேருக்குத் தினம் 2000 மில்லிகிராம் வரை மெட்ஃபார்மின், ஆறு மாதம். 100-க்கு அளக்கும் வலி அளவுகோலில் மெட்ஃபார்மின் பக்கம் 31 புள்ளி குறைந்தது, டம்மிப் பக்கம் 19. இங்கே கவனிக்க வேண்டியது, எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஆக இது வேறு வழியில் வேலை செய்கிறது.

ஆனால் 107 பேர் என்பது சின்னச் சோதனை. வித்தியாசமும் ‘இவ்வளவாவது குறைந்தால்தான் நோயாளிக்குப் பலன் தெரியும்’ என்று அவர்களே முன்கூட்டி வைத்திருந்த 15 புள்ளியைத் தொடவில்லை. நடத்தியவர்களே பெரிய சோதனை வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டு எழுதித் தந்தால் சரி, பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அட்டையிலிருந்து கிள்ளிச் சாப்பிடும் விஷயம் அல்ல இது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெட்ஃபார்மின் ஆகாது. ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு வரும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தால் பாதம் மரத்துப் போகும், நடை தள்ளாடும். அதை முட்டிக் கோளாறு என்று நினைத்து என்னிடம் வருபவர்களும் உண்டு.

சர்க்கரைக்காகப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்கு மட்டும் ஏன் முட்டி வலி குறையவில்லை?

எல்லாச் சர்க்கரை மருந்தும் ஒன்றல்ல. இன்சுலின், சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரைகள், பயோகிளிட்டசோன் இவற்றில் எடை ஏறக்கூடும். அவை சர்க்கரைக்குத் தேவையான மருந்துகள், முட்டிக்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது “என் மருந்துகளில் எது எடையைக் கூட்டும், எது குறைக்கும்?” என்று கேளுங்கள். சர்க்கரையும் பருமனும் முட்டி வலியும் மூன்றும் இருந்தால், ஒரே மருந்து மூன்றுக்கும் உதவுமா என்று பேச அது நல்ல தொடக்கம். சர்க்கரையும் மூட்டுத் தேய்மானமும் சேர்ந்தவர்களை ஷாங்காயில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, ஜிஎல்பி-1 மருந்து எடுத்தவர்களில் முழங்கால் அறுவை சிகிச்சை வரை போனவர்கள் குறைவு. அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல என்பதால் அதை ஓர் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளருமா?

வளராது. ஸ்டெப் 9-இல் அளந்தது வலியையும் நடமாட்டத்தையும்தான். எக்ஸ்-ரே படம் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது மாறாமலே வலி குறையலாம். படத்தில் மோசமாகத் தெரிந்தும் வலி இல்லாமல் நடப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

என் எடை அவ்வளவு அதிகமில்லை, வலி மட்டும் அதிகம். எனக்கு?

இந்த ஊசி உங்களுக்கானது அல்ல. அடிபட்ட முட்டியா, சவ்வு கிழிந்ததா, வலி இடுப்பிலிருந்து இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முடக்கு வாதம் என்றால் அது வேறு நோய், வைத்தியமும் வேறு. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகிக் கிடக்கிறது, விரல் மூட்டுகள் வீங்குகின்றன என்றால் முடக்கு வாத மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள்.

ஊசி போட்டால் பயிற்சியை விட்டுவிடலாமா?

இந்தப் பக்கம் முழுவதையும் நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். விடக்கூடாது. முன்பைவிட அதிகமாகச் செய்ய வேண்டும்.

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. செமாக்ளூடைடு எடுத்தவர்களில் ஒரு பகுதியினரின் உடலை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கு கொழுப்பு அல்லாத எடை. அதில் நீரும் மற்றதும் உண்டு, ஆனால் தசையும் இருக்கிறது. ஊசி போட்ட சில வாரங்களில் பசி போய்விடுகிறது. இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்கிறார்கள். புரதம் உள்ளே போவதில்லை. வலியினால் ஏற்கெனவே நடமாட்டம் குறைவு. இப்படி எல்லாம் சேர்ந்து தொடைத் தசையைத் தின்றுவிடுகின்றன.

முழங்காலுக்குத் தொடையின் முன்பக்கத் தசைதான் அதிர்வுதாங்கி. அது வலுவாக இருந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் முதலில் அது வாங்கிக்கொள்ளும். அது வற்றினால் மூட்டு நேரடியாக வாங்கும்.

என்னிடம் வரும் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர். எட்டு மாதத்தில் பதினாறு கிலோ குறைத்திருந்தார், முகமே மாறியிருந்தது. “வலி பாதியாகிவிட்டது, ஆனால் முட்டி மடங்கிப் போகிறது, படியில் இறங்கும்போது கால் என் பேச்சைக் கேட்பதில்லை” என்றார். நாடாவை எடுத்து, முழங்கால் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே தொடையைச் சுற்றி அளந்தேன். முன்பு குறித்திருந்ததைவிட நன்றாகக் குறைந்திருந்தது. கொழுப்பு போனதும் ஒரு காரணம், ஆனால் தசையை இறுக்கச் சொல்லிக் கைவைத்தால் உள்ளங்கைக்குள் ஒன்றும் திரண்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தோம். ஆறு. எடை கூடியிருந்தபோது அவர் ஒன்பது செய்தவர். எடை குறைந்த பிறகு எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும், இறங்கியிருந்தது. அவர் ஊசியை நிறுத்தவில்லை, நிறுத்தவும் தேவையில்லை. ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிட்டு மற்றதை அப்புறம் சாப்பிடப் பழகினார். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. நான்கு மாதத்தில் பன்னிரண்டு வந்தது. இப்போது படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பதில்லை.

சரி, எந்தப் பயிற்சி?

தசைக்குச் சுமை தரும் பயிற்சி. வெறும் நடை இதற்குப் போதாது. மேலே சொன்ன நாற்காலியே நல்ல தொடக்கம். உட்காரும் உயரம் கொஞ்சம் அதிகமான நாற்காலியாக எடுங்கள். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, உடலை முன்னால் சாய்த்து எழுங்கள். எழுவதைவிட உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது. தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. சுலபமாகிவிட்டால் நாற்காலியைத் தாழ்த்துங்கள் அல்லது கையில் எடை வைத்துக்கொள்ளுங்கள். அத்துடன் படுத்தபடி முட்டியை நீட்டிக் காலைத் தூக்குவது, ஒரு படியில் ஏறி இறங்குவது, பக்கவாட்டில் காலைத் தூக்கி இடுப்புத் தசையை வலுவாக்குவது.

பயிற்சியின்போது வலி கொஞ்சம் வரும். பத்துக்கு நான்கு வரை இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். முட்டி வீங்கினால் அல்லது வலி மறுநாளும் ஏறியே இருந்தால் அளவைக் குறையுங்கள்.

புரதம் எவ்வளவு என்று மருத்துவரிடமோ உணவு நிபுணரிடமோ உங்கள் எடைக்கும் சிறுநீரக நிலைக்கும் ஏற்பக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

பக்க விளைவுகள்?

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல். இவை பொதுவானவை, அளவை ஏற்றும் நாட்களில் அதிகம். அதனால்தான் செமாக்ளூடைடை 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக 2.4 வரை ஏற்றுகிறார்கள். சீக்கிரம் பலன் வேண்டும் என்று படியைத் தாண்டினால் வயிறு பழிவாங்கும். ஸ்டெப் 9-இல் பக்க விளைவால் பாதியில் நிறுத்தியவர்கள் மருந்துப் பக்கம் 6.7 சதவீதம், டம்மிப் பக்கம் 3 சதவீதம்.

எடை வேகமாகக் குறைவதால் பித்தப்பையில் கல் வரலாம். கணைய அழற்சி அரிது, ஆனால் மேல் வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்வை திடீரென்று மங்கினாலும் அப்படியே. கண் நரம்புக்கு இரத்தம் தடைபடும் ஒரு நிலை மிக மிக அரிதாக வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் எச்சரித்தது. சர்க்கரையால் விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் ஊசி தொடங்கும் முன்பே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், சர்க்கரை வேகமாக இறங்கும்போது விழித்திரைப் பாதிப்பு கூடலாம். தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இந்த ஊசி கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாக்ளூடைடை நிறுத்த வேண்டும். இன்சுலினோ சல்ஃபோனில்யூரியாவோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம், அந்த மருந்துகளின் அளவை மருத்துவர் மாற்றித் தருவார்.

வலி மாத்திரையைக் கூடவே சாப்பிடலாமா?

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. முட்டி வலிக்காரர்கள் பலர் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மருத்துவரிடம் சொல்லாமலே சாப்பிடுகிறார்கள். ஊசியால் வாந்தி, பேதி வந்து உடலில் நீர் வற்றியிருக்கும் நாளில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அந்த நாட்களில் வலி மாத்திரையைத் தொடாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மருத்துவரிடம் பேசுங்கள். முட்டி மேலே தடவும் களிம்பு பெரும்பாலோருக்குப் போதும், உள்ளே போகும் அளவும் மிகக் குறைவு.

ஊசியை நிறுத்தினால் வலி திரும்பி வருமா?

எடை திரும்புகிறது, அது நிச்சயமாகத் தெரியும். செமாக்ளூடைடு எடுத்து எடையில் 17.3 சதவீதம் குறைத்தவர்களை, ஊசியும் ஆலோசனையும் நிறுத்திய பின் ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. திரும்பும் எடை முட்டியில் அடிக்கு நான்கு மடங்காக மறுபடி ஏறும். இன்னொரு கவலை, திரும்பி வருவதில் கொழுப்புதான் அதிகம், போன தசை தானாக வராது. ஊசி ஆரம்பிக்கும் முன்பே “இது எத்தனை காலத்துக்கு? நிறுத்தும்போது எப்படி நிறுத்துவோம்?” என்று மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை சொல்லிவிட்டார்கள். ஊசியால் அதைத் தவிர்க்க முடியுமா?

ஸ்டெப் 9-இல் சேர்த்தது நடுத்தரத் தேய்மானம் உள்ளவர்களை. எலும்போடு எலும்பு உரசும் கடைசி நிலையில் இருப்பவர்களுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது. கடைசி நிலையில், இரவுத் தூக்கத்தையே கெடுக்கும் வலியோடு, ஊசியை நம்பி ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் எடை மிக அதிகம் என்பதால் அறுவை சிகிச்சைக்குத் தயங்குகிறார்கள் என்றால், முன்கூட்டி எடையைக் குறைக்க இது உதவும்.

எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருந்து தருபவரிடம் இந்த ஊசி போடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். வயிறு மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தும் உணவு உள்ளே தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இதைவிட வலுவான மருந்து வருகிறதாமே?

ரெட்டாட்ரூடைடைச் சொல்கிறீர்கள். மூன்று ஹார்மோன்களின் வேலையைச் செய்யும் ஊசி. பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ளவர்களிடம் 68 வாரம் சோதித்த முடிவை எலி லில்லி நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதிக அளவு எடுத்தவர்களின் எடை சராசரியாகக் கால் பங்குக்கு மேல் குறைந்தது, வலியும் வெகுவாகக் குறைந்தது. அவ்வளவு எடை இறங்கும்போது தொடைத் தசையைக் காக்கும் வேலையும் அதே அளவுக்குப் பெரிதாகும். இணையத்தில் இந்தப் பெயரில் விற்கும் குப்பிகளை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

ஊசியே வேண்டாம். உணவும் பயிற்சியும் மட்டும் போதாதா?

பலருக்குப் போதும். ஐடியா என்ற சோதனை 2013-இல் வெளியானது. எடை கூடிய, முட்டி வலி உள்ள 454 பேர், ஒன்றரை வருடம். உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் சராசரியாக 10 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். உணவு மட்டும், பயிற்சி மட்டும் என்று செய்தவர்களைவிட இரண்டையும் செய்தவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. ஒரு மருந்தும் இல்லாமல்! ஆனால் அங்கே பயிற்சியாளரும் உணவு ஆலோசகரும் கூடவே நின்றார்கள். தனியாக முயன்று மூன்று நான்கு முறை தோற்றவர்களைப் பார்த்து ‘மனசு வைத்தால் முடியும்’ என்று சொல்ல எனக்கு மனசு வராது. பசி என்பது மன உறுதி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, அது ஹார்மோன். ஊசி எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊசி தொடங்கும் நாளில் எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்?

எடையை எல்லோரும் குறிக்கிறார்கள். கூடவே மூன்று எண்களைக் குறியுங்கள். இரண்டு தொடைகளின் சுற்றளவு, முழங்கால் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே. முப்பது நொடியில் நாற்காலியிலிருந்து எழுந்த எண்ணிக்கை. படி இறங்கும்போது வலி பத்துக்கு எவ்வளவு என்பது. மாதம் ஒருமுறை, அதே நாற்காலியில், அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். எடை இறங்க இறங்க நாற்காலி எண்ணிக்கை ஏறினால் எல்லாம் சரியாகப் போகிறது. எடையோடு அதுவும் சேர்ந்து இறங்கினால் அடுத்த ஊசிக்கு அளவை ஏற்றும் முன் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.